செய்தி செல்லும் நெறி
இணையச் செயலிகளுக்கு ஏற்ற தொடர்பாடல் முறையைத் தெரிதல் பற்றிய ஓர் ஆராய்ச்சி

செய்திப் பரிமாற்றமின்றிச் சமுதாய வாழ்வு இல்லை. லிந்துலைப் பகுதித் தோட்டங்களிற் பிறந்து வளர்ந்தோர்க்கு இவ்வுண்மையை எவரும் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பொழுது புலருமுன் லயங்களைத் துயிலெழுப்பிய தப்பொலியும், தோட்டத்துக் கடிதங்களைப் பையிலிட்டுத் தபாற்கந்தோர் சென்று மீண்ட தப்பால்காரரின் நடையும், பங்களாவுக்கும் தொழிற்சாலைக்குமிடையே மலைச்சரிவின் மேலாகச் சென்ற தொலைபேசிக் கம்பியும் எம் இளமை நினைவுகளினின்றும் நீங்காதவை.

இம்மூன்றும் செய்தியையே கொண்டுசென்றன. எனினும், மூன்றும் ஒரே முறையின அல்ல. தப்பு ஒருவர் அடிக்கப் பலர் கேட்பது. கேட்டவர் மறுமொழி கூறுவதில்லை. தப்பால்காரர் நாம் அனுப்பினாலன்றிச் செல்லார். சென்றால் விடையுடன் மீள்வார். தொலைபேசியிலோ இருபாலாரும் நினைத்தபோது பேசலாம். ஆயின், பேசாதிருக்கும் வேளையிலும் அக்கம்பி அவ்விருவருக்கெனவே பிடிபட்டுக் கிடக்கும். ஒன்றின் வேலையை மற்றொன்றின் தலையிற் சுமத்தினால் இடர்ப்பாடே விளையும். கணினி இணையத்திலும் நிலைமை இதுவே. உலாவிக்கும் சேவையகத்துக்குமிடையே யார் முதலிற் பேசுவது, எவ்வாறு பேசுவது, எப்போது நிறுத்துவது என்பனவற்றை வரையறுக்கும் உடன்பாட்டையே தொடர்பாடல் நெறிமுறை என்கின்றோம். அத்தகைய நெறிமுறைகளுள் எதனை எப்பணிக்குத் தெரிதல் வேண்டும் என்பதை எம் மலைநாட்டு வாழ்வோடு பொருந்திய மூன்று பணிகளைக் கொண்டு ஈண்டு ஆராயப் புகுகின்றோம். அவை, கொழுந்தின் நிறையைப் பதிதல், தேயிலையை ஏலத்தில் விற்றல், மண்சரிவு எச்சரிக்கையை மக்களிடம் சேர்த்தல் என்பன.

தப்பால்காரர் நெறி

முதற்கண் நோக்கற்பாலது எச்.ரி.ரி.பி. என்னும் நெறிமுறை. சுவிற்சர்லாந்திலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் ரிம் பேர்ணர்ஸ்-லீ 1989ஆம் ஆண்டு முன்வைத்த வலைத் திட்டத்தினின்றும் இது தோன்றிற்று. 1997இல் இதன் 1.1ஆம் பதிப்பும், 2015இல் இரண்டாம் பதிப்பும், 2022இல் மூன்றாம் பதிப்பும் நியமங்களாக வெளிவந்தன. பதிப்புகள் மாறினும் அடிப்படை மாறவில்லை. உலாவி கேட்கும், சேவையகம் விடை பகரும், அத்துடன் அப்பேச்சு முடிந்தது. இது தப்பால்காரரின் நெறியேயாம்.

இந்நெறியின் சிறப்புகள் பல. ஒவ்வொரு வேண்டுகோளும் தனக்கு வேண்டியவற்றைத் தானே சுமந்து செல்வதால், சேவையகம் முன்னர் நிகழ்ந்த பேச்சை நினைவில் வைத்திருக்க வேண்டியதில்லை. ஆகவே, ஒரு சேவையகம் பழுதுற்றால் மற்றொன்று அவ்விடத்தில் நின்று விடையளிக்கலாம். பலர் கேட்கும் ஒரே விடையை இடைவழியிற் சேமித்து வைத்து வழங்கலாம். இணைப்பு அறுந்தால் மீண்டும் ஒருமுறை கேட்டால் போதும். மூன்றாம் பதிப்பிலே, கைத்தொலைபேசி ஒரு வலையமைப்பை விட்டு மற்றொன்றுக்கு மாறினும் இணைப்புத் தொடர்வதற்கு வழியுண்டு. வளைவுதோறும் அலை மறையும் எம் மலைப்பாதைகளில் இஃது எத்துணைப் பயனுடையது என்பதைக் கூற வேண்டியதில்லை.

குறை யாதெனின், சேவையகம் தானாக முதலிற் பேச முடியாமையே. தபாற்கந்தோரில் அவசரக் கடிதம் வந்து கிடப்பினும், தப்பால்காரர் செல்லும்வரை அது பெட்டியிலேயே இருக்கும்.

இக்குறையை நீக்க எளியோர் கண்ட வழி, அடிக்கடி கேட்டல். 300 கருவிகள் 5 விநாடிக்கு ஒருமுறை "புதுச் செய்தி உண்டோ?" எனக் கேட்பதாகக் கொள்வோம். விநாடிக்கு 60 வேண்டுகோள், மணித்தியாலத்துக்கு 2,16,000. வேண்டுகோளும் விடையுமாகச் சேர்ந்து 500 பைற்று எனினும், மணித்தியாலத்துக்கு 10 கோடியே 80 இலட்சம் பைற்று வீணே ஓடும். அந்த மணித்தியாலத்தில் ஒரு செய்தியும் இல்லாதிருக்கலாம். வெறுங்கையோடு மீளும் தப்பால்காரரை நாள் முழுதும் நடக்கவிட்டது போலாகும்.

சற்று மேலான வழி நீள்கேட்பு. தப்பால்காரர் தபாற்கந்தோர் வாயிலிலேயே காத்திருந்து, கடிதம் வந்தவுடன் பெற்றுத் திரும்பி, உடனே மீண்டும் செல்கின்றார். செய்தி அருகி வருமிடத்து இது நன்கு பயன்படும். செய்தி மிகுந்தால், ஒவ்வொன்றின் பொருட்டும் புதிய வேண்டுகோள் எழுப்பவேண்டியிருத்தலின் பழைய இடரே மீளும்.

தப்பின் நெறி

அடுத்து நோக்குவது, சேவையகம் தொடர்ந்து அனுப்பும் நிகழ்வோடை. ஆங்கில எழுத்துகளால் இதனை எஸ்.எஸ்.ஈ. எனச் சுருக்கி வழங்குவர். உலாவி ஒருமுறை எச்.ரி.ரி.பி. வழியே கேட்கும், சேவையகம் அவ்விடையை முடிக்காமல் திறந்து வைத்து, செய்தி தோன்றுந்தோறும் ஒரு வரியாக அனுப்பிக்கொண்டேயிருக்கும். ஓசை ஒரு திசையில் மட்டும் செல்லுதலின் இதனைத் தப்பின் நெறி என்போம்.

இந்நெறியில் ஒரு நுட்பம் உண்டு. இணைப்பு அறுந்தால் உலாவி தானாகவே மீண்டும் இணையும். அங்ஙனம் இணையும்போது, தான் இறுதியாகப் பெற்ற செய்தியின் இலக்கத்தையும் கூறும். சேவையகம் அதன் பின்வந்தவற்றைச் சேமித்து வைத்திருக்குமாயின், விடுபட்டவற்றை முறையே வழங்கலாம். குறைகளும் உள. எழுத்துச் செய்தியை மட்டுமே அனுப்பலாம். அன்றியும், எச்.ரி.ரி.பி. 1.1ஆம் பதிப்பில் ஒரு சேவையகத்துக்கு உலாவி ஏறத்தாழ 6 இணைப்புகளையே அனுமதிப்பதால், ஒருவர் ஒரே தளத்தைப் பல சாளரங்களில் திறந்தால் பிந்தியவை காத்துக் கிடக்கும். இரண்டாம் பதிப்பைக் கையாண்டால் இத்தடை நீங்கும்.

தொலைபேசி நெறி

மூன்றாவது வெப்சொக்கெற். இதன் நியமம் 2011ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் வெளியாயிற்று. உலாவி முதலில் எச்.ரி.ரி.பி. வேண்டுகோளொன்றை அனுப்பி, "நெறிமுறையை மாற்றுவோமா?" என வினவும். சேவையகம் 101 என்னும் குறியெண்ணால் உடன்படும். அதன்பின் அவ்விணைப்பு இருவழிப் பாதையாகிவிடும். சிறு செய்தியொன்றுக்குச் சேவையகம் சேர்க்கும் தலைப்பு 2 பைற்று. உலாவி சேர்ப்பது 6 பைற்று. நூற்றுக்கணக்கான பைற்றுகள் கொண்ட எச்.ரி.ரி.பி. தலைப்புகளோடு ஒப்பிட்டால் இச்சிக்கனம் விளங்கும்.

ஆயின், சிக்கனத்துக்கும் விலையுண்டு. திறந்த இணைப்பு ஒவ்வொன்றும் சேவையகத்தின் நினைவகத்தில் இடங்கொள்ளும். இணைப்பு உயிரோடுள்ளதா என இடையிடையே தட்டிப் பார்த்தல் வேண்டும். அறுந்தால் மீளிணைக்கும் பொறுப்பும், விடுபட்ட செய்தியை மீட்கும் பொறுப்பும் செயலியை எழுதுவோரையே சாரும். சேவையகம் ஒருகணம் நின்று மீண்டால், ஆயிரம் கருவிகளும் ஒரே விநாடியில் மீளிணைய முயன்று அதனை மறுபடி வீழ்த்தவுங்கூடும். ஆகவே, கருவி ஒவ்வொன்றும் வெவ்வேறளவு காலம் தாழ்த்தி முயலுமாறு எழுதுதல் வேண்டும். புதியதென்பதற்காக இதனை எல்லாப் பணிக்கும் கொள்வோர் இப்பொறுப்புகளை மறந்துவிடுகின்றனர்.

இவையன்றிப் பிற நெறிகளும் உள. எம்.கியூ.ரி.ரி. என்பது, பாலைநிலங்களூடே சென்ற எண்ணெய்க் குழாய்களைச் செய்மதி வழியே கண்காணித்தற்பொருட்டு 1999இல் அன்டி ஸ்ரான்போட்-கிளாக், ஆர்லன் நிப்பர் ஆகிய இருவரால் ஆக்கப்பட்டது. நலிந்த இணைப்புக்கும் சிறிய மின்கலத்துக்கும் ஏற்றது. இரு உலாவிகள் குரலையும் உருவத்தையும் நேரே பரிமாறுதற்கு வெப்ஆர்.ரி.சி. உண்டு. சேவையகங்கள் தமக்குள் விரைந்து பேசுதற்கு ஜி.ஆர்.பி.சி. சிறந்தது, எனினும், உலாவி அதனை நேரே பேசமாட்டாது, இடையே மொழிபெயர்க்கும் ஒரு வாயில் வேண்டும்.

ஐந்து வினாக்கள்

நெறியைத் தெரியுமுன் ஐந்து வினாக்களுக்கு விடை காணல் வேண்டும். முதலிற் பேசுபவர் யார்? எவ்வளவு அடிக்கடி பேசுவர்? எத்துணைத் தாமதத்தைப் பொறுக்கலாம்? வழி அறுந்தால் என் செய்வது? செய்தி தொலைந்தாலோ இருமுறை சேர்ந்தாலோ யாருக்கு என்ன கேடு? முதல் மூன்று வினாக்களையும் யாவரும் கேட்கின்றனர். இறுதி இரண்டையும் கேளாமையால் விளையும் துன்பத்தை யாம் நேரே கண்டுள்ளோம்.

கொழுந்தின் நிறை

தோட்டத்திலே கொழுந்து நிறுக்கப்படும் ஒவ்வொரு வேளையும் தொழிலாளியின் ஊதியத்தோடு தொடர்புடையது. குறித்த கிலோவுக்குக் குறைந்தால் முழுப் பேர் இல்லை. அரைப் பேரே விழும். முன்னர்க் கணக்கப்பிள்ளை கொப்பியில் எழுதினார்; இன்று பல இடங்களில் மின்தராசும் கைக்கருவியும் பதிகின்றன.

யாம் சிலருடன் கூடி ஒரு தோட்டத்துக்கு அத்தகைய செயலியொன்றை எழுதிக் கொடுத்திருந்தோம். நவீனமாயிருத்தல் வேண்டும் என்னும் ஆசையால் வெப்சொக்கெற்றையே கொண்டோம். நிறை அனுப்பப்பட்டவுடன், விடை வருமுன்னரே, "பதிந்தாயிற்று" எனத் திரை காட்டியது. மேற்பிரிவு மலையில் அலை கிட்டாத ஒரு நண்பகலில், நிறைகள் சில வழியிலேயே தொலைந்தன. அடுத்த நாட்காலை பெரட்டுக்களத்தில் ஒரு தாய், "நான் எடுத்த கொழுந்து எங்கே போச்சுங்க ஐயா?" என்று வினவினார். மும்முறை நிறுத்த கிலோவும் அவர் நினைவில் இருந்தது. கணினியிலோ இரண்டு முறையே இருந்தன. அவருக்கு அரைப் பேர் விழுந்திருந்தது. அவர் கூற்றே மெய்யென்பது பின்னர்த் தராசின் சொந்தப் பதிவால் தெளிந்தது.

தவற்றைத் திருத்த விரைந்து, விடை வரும்வரை திரும்பத் திரும்ப அனுப்புமாறு மாற்றினோம். அப்போது மறுதலையான தவறு நேர்ந்தது. செய்தி சென்று சேர்ந்து, விடை மட்டும் வழியில் தொலைந்தபோது, ஒரே நிறை இருமுறை பதியலாயிற்று. இவ்விரு தவறுகளுக்கும் காரணம் ஒன்றே. செய்தியின் விதியை யாம் எண்ணாமல், வேகத்தை மட்டும் எண்ணினோம்.

ஈற்றிற் கொண்ட முறை மிக எளியது. நிறுக்கும்போதே ஒவ்வொரு நிறைக்கும் வேறெதற்கும் இல்லாத தனி இலக்கமொன்றைக் கருவி இடும். நிறையைத் தன் நினைவகத்தில் முதலில் எழுதிக்கொள்ளும். அலை கிட்டும்போது எச்.ரி.ரி.பி. வழியே அனுப்பும். சேவையகம் அவ்விலக்கம் முன்னரே வந்ததாயின் மீண்டும் பதியாது, பழைய விடையையே கூறும். விடை வந்த பின்னரே திரை "பதிந்தாயிற்று" என்னும். அரை மணித்தியாலம் தாழ்ந்தாலும் இப்பணிக்குக் கேடில்லை; ஒரு கிலோ தொலைந்தாற் கேடுண்டு. ஆகவே, இதற்குத் தப்பால்காரர் நெறியே தகும்.

ஏலக் களம்

கொழும்பிலே முதலாவது பகிரங்கத் தேயிலை ஏலம் 1883ஆம் ஆண்டு ஜூலை 30ஆம் நாள் சொமர்வில் கம்பனியின் அலுவலகத்தில் நடைபெற்றது. அன்றுதொட்டு நூற்றாண்டுக்கு மேலாக, ஏல மண்டபத்தில் வாய்க்குரலால் விலை கூறி வாங்கும் வழக்கம் நிலவிற்று. 2020ஆம் ஆண்டு கொவிட் நோய்ப் பரவலால் மண்டபத்திற் கூட முடியாதுபோகவே, அவ்வாண்டு ஏப்ரல் மாதம் ஏலம் மின்வழிக்கு மாறிற்று. லிந்துலைத் தொழிற்சாலையில் அரைக்கப்பட்ட தேயிலையின் விலை, ஒலியாக எழாமல் திரையில் எண்ணாகத் தோன்றும் காலம் வந்தது.

அங்கு எந்த நெறிமுறை கையாளப்படுகின்றது என்பது எம் ஆராய்ச்சியன்று. அத்தகைய களத்துக்கு எது தகும் என்பதே வினா. ஏலத்திற் பலர் ஒருங்கே விலை கூறுவர். ஒருவர் கூறிய விலையை ஏனையோர் அக்கணமே அறிதல் வேண்டும். அறிந்தவர் அக்கணமே மேல்விலை கூறுதல் வேண்டும். இருபாலும் அடிக்கடி பேசுகின்றனர், தாமதமோ பணமாகும். தொலைபேசி நெறியாகிய வெப்சொக்கெற் இங்கேதான் தன் விலைக்குத் தக்க பயனைத் தரும். எனினும், இரு காப்புகள் வேண்டும். எந்த விலை முந்தியது என்பதைச் சேவையகத்தின் வரிசையே தீர்மானித்தல் வேண்டும். வாங்குவோரின் கருவிக் கடிகாரத்தை நம்பலாகாது. இணைப்பு அறுந்து மீண்டவர்க்கு அப்போதைய நிலை முழுவதையும் முதலிற் காட்டி, அதன் பின்னரே விலை கூற விடுதல் வேண்டும்.

ஏலம் முடிந்தபின் வெளியாகும் விலைப்பட்டியலோ வேறு. அது மாறாதது, பலரும் படிப்பது. அதனைச் சேமித்து வழங்கும் எச்.ரி.ரி.பி.யே போதும். ஒரே நிறுவனத்தின் ஒரே தளத்திலும் இருவேறு பணிக்கு இருவேறு நெறி கொள்வதில் இழுக்கில்லை என்பதும் இதனாற் பெறப்படும்.

மலை சரியும் வேளை

மூன்றாவது பணியே உயிரோடு தொடர்புடையது. எம் நாட்டில் மண்சரிவு முன்னெச்சரிக்கையை வெளியிடுவது தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் மழை பெய்தால் விழிப்பாயிருத்தலும், 100 மில்லிமீற்றரைக் கடந்தால் வெளியேற ஆயத்தமாதலும், 150 மில்லிமீற்றரைக் கடந்தாலோ ஒரே மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் பெய்தாலோ வெளியேறுதலும் அந்நிறுவனம் வகுத்த படிநிலைகள். மஞ்சள், செம்மஞ்சள், சிவப்பு என்பன அவற்றின் நிறங்கள்.

இங்குச் செய்தி மூன்று கட்டமாகச் செல்லும். மலையுச்சியிலுள்ள மழைமானி சேவையகத்துக்கு அளவை அனுப்புவது முதற்கட்டம். சிறிய மின்கலமும் நலிந்த அலையுமே அதன் துணை; ஆதலின் எம்.கியூ.ரி.ரி. பொருந்தும். அளவு ஒருமுறையேனும் தவறாது சேர்க என்னும் தரத்தைக் கொண்டு, நேரத்தையும் உடன் அனுப்பினால், இருமுறை வந்ததனை நீக்கிக்கொள்ளலாம். அவ்வளவுகளைக் கண்காணிக்கும் அலுவலர்களின் திரைக்குக் கொண்டுசெல்வது இரண்டாம் கட்டம். அவர்கள் பார்க்கின்றனரேயன்றி விடையளிப்பதில்லை. ஆகவே, தப்பின் நெறியாகிய எஸ்.எஸ்.ஈ. போதும், அறுந்து மீண்டாலும் விடுபட்டதைக் கேட்டுப் பெறும்.

மூன்றாம் கட்டமே கடினமானது. லயத்து அறையில் உறங்கும் குடும்பத்தை அச்செய்தி எழுப்புதல் வேண்டும். மூடிக் கிடக்கும் வலைப்பக்கத்துக்கு வெப்சொக்கெற்றும் எட்டாது, எஸ்.எஸ்.ஈ.யும் எட்டாது என்பதை மாணவர் நன்கு மனங்கொள்க. உலாவி மூடியிருப்பினும் அறிவித்தலைக் காட்டும் தள்ளு சேவைகள் உண்டு. அவற்றுக்கும் தரவு இணைப்பு வேண்டும். குறுஞ்செய்தி தரவு இணைப்பின்றியும் செல்லும். ஆயின், ஆங்கிலத்தில் 160 எழுத்துக் கொள்ளும் ஒரு குறுஞ்செய்தி, தமிழில் 70 குறிகளையே கொள்ளும். "கொ" என்பது போன்ற உயிர்மெய் ஒன்றே இரு குறிகளை எடுக்கும். ஆகவே, "உடனே வெளியேறுங்கள்" என்னும் சொற்கள் முதலிலும், நிறுவனத்தின் பெயரும் வணக்கமும் பின்னரும் வருதல் வேண்டும். பெறுவோர் அறியாத மொழியில் வந்த செய்தி வந்தும் வாராததே.

2014ஆம் ஆண்டு ஒக்டோபர் 29ஆம் நாட்காலை கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானதென முன்னரே எச்சரிக்கப்பட்டிருந்தது. எச்சரிக்கை பிறந்தது, மக்களை இடம் பெயர்க்கும் செயலாக அது முதிரவில்லை. 2025ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் மலைநாடெங்கும் மண்சரிவுகளை விளைத்தபோது, மின்சாரம் தடைப்பட்டது. தொலைபேசிச் சேவைகளும் பல இடங்களிற் செயலிழந்தன. எல்லா நெறிமுறைகளும் ஒருங்கே மௌனமாகும் வேளையும் உண்டு என்பதை அந்நாட்கள் எமக்குக் கற்பித்தன. இணைப்பு அற்றுப்போதலையே ஓர் அபாயச் செய்தியாகக் கொள்ளுமாறு அமைப்பை எழுதுதல் வேண்டும். குறித்த நேரத்துக்குள் மழைமானியிடமிருந்து ஒன்றும் வாராதாயின், "மழை இல்லை" என்று திரை காட்டலாகாது; "அறிய முடியவில்லை" என்றே காட்டுதல் வேண்டும். அவ்வேளையிற் கோயிலின் ஒலிபெருக்கியும், தொழிற்சாலைச் சங்கும், பழைய தப்புமே இறுதி நெறிமுறைகளாக நிற்கும். யார் அடிப்பது, யார் கேட்பது, கேட்டோர் எவ்விடம் சேர்வது என்பன முன்னரே உடன்படப்பட்டிருத்தல் வேண்டும். உடன்பாடில்லாத ஓசை வெறும் ஓசையே.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன இவை. கேட்டுப் பெறும் பணிக்கு எச்.ரி.ரி.பி. கொள்க; அதிலிருந்தே தொடங்குக. ஒருபால் மட்டும் தொடர்ந்து பேசுமிடத்து எஸ்.எஸ்.ஈ. கொள்க. இருபாலும் இடையறாது பேசுமிடத்து வெப்சொக்கெற் கொள்க. நலிந்த வழியில் அளவுகளை அனுப்பும் கருவிகளுக்கு எம்.கியூ.ரி.ரி. கொள்க. எதனைக் கொள்ளினும், செய்தி தொலைந்தால் என்னாகும், இரட்டித்தால் என்னாகும் என்பதை எழுதுமுன்னரே வகுத்துக்கொள்க.

எம் கல்லூரியின் வகுப்பறைகளிலிருந்து கணினித் துறைக்குச் செல்லும் இளைஞர் தொகை பெருகி வருகின்றது. அவர்களுட் பலர் தப்பால்காரர்க்கும் கணக்கப்பிள்ளைக்கும் கொழுந்தெடுத்த தாய்மார்க்கும் மக்களாகவும் பேரராகவும் பிறந்தோர். தூர தேசத்து நிறுவனத்துக்கு அவர்கள் செயலி எழுதும்போதும், அதன் மறுமுனையில் பெரட்டுக்களத்தில் நின்று "எங்கே போச்சுங்க ஐயா?" என்று வினவும் ஒருவர் உள்ளார் என்பதை மறவாதிருப்பாராக. அவ்வினாவுக்கு நேர்மையான விடை கூறவல்ல நெறியே நன்னெறியாம்.